நடுங்காத அலை

சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் அலை இம்மியும் நடுங்கவில்லை. அதுதான் பெட்டிகளைச் சோதித்துப் பாஸ் போடும் உர்சுலாவை உறுத்தியது. தொலைபேசிக் கேபிளில் தளர்ந்துபோகும் சிக்னலைச் சீராக்கி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி எதுவும் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்ள முடியாது.

"பாஸ் போட்டுடுங்க லா, சாப்பிடப் போகலாம்," என்றார் பெட்டியை விற்க வந்த யாக்கூப்.

அந்த அவசரமே அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். ஸ்கோப்புக்குத் தாளம் கொடுக்கும் ஒயர் அந்தப் பெட்டியிலிருந்தே வந்தது. பெட்டியின் தாளம் ஆடினால் ஸ்கோப்பும் கூடவே ஆடும். அப்புறம் ஆட்டம் எப்படித் தெரியும்?

ஒயரைப் பிடுங்கி, சிக்னல் அனுப்பும் கருவியில் மாட்டினாள். அலை வெடவெடத்தது.

"இந்தத் திருட்டு வேலையைச் செஞ்சது யாரு?"

யாக்கூப் விழித்தார். "நீங்கதான் மிஸ். ஜாலான் புசார் ரோட்டுக்கடியில போட்ட நாற்பது பெட்டியையும் இப்படித்தானே மாட்டிப் பார்த்தீங்க?"