தியாகிகள் வரிசையில் ஓர் இடம்

அயர்லாந்து விடுதலை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய தீர்மானம் ஒன்று, அந்த வியாழக்கிழமை, டெரி நகரில் மாலக்கி டெவனியின் சமையலறையில் அறிவிக்கப்பட்டது: நகரக் கல்லறைத் தோட்டத்தில், இயக்கத்தின் தியாகிகள் வரிசையில் அவருக்குக் குழி ஒதுக்கியாயிற்று. மாலக்கி இன்னும் சாகவில்லை என்பது தீர்மானத்துக்குத் தடையாக இல்லை. கோடை தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இயக்கக் கமிட்டித் தலைவர் ஃபெர்கல் கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே அறிவித்துவிட்டு, தேநீருக்கு உட்கார்ந்தார்.

"பெட்டி மேல மூவர்ணக் கொடி, கறுப்புத் தொப்பி, கையுறை. குழிப் பக்கத்துல நானே பேசுறேன் அண்ணே. முக்கா மணி நேரம்."

"நான் படுத்திருப்பேன். நிக்கிறவங்கதான் பாவம்."

"விளையாடாதீங்க. இப்பவே சரின்னு சொல்லிடுங்க. இல்லைன்னா பிரிஞ்சுபோன அந்தக் கோஷ்டிக்காரனுங்க தூக்கிட்டுப் போய் அவனுங்க கொடியப் போர்த்திடுவானுங்க."

"ரெண்டும் ஒரே கொடிதானேப்பா?"

"போர்த்துற கை வேறண்ணே."

மாலக்கிக்கு அலுப்பாக இருந்தது. பதினாறு வயதில் சுவரொட்டி ஒட்டக் கிளம்பியவர். பிறகு சிறை. இயக்கம் உடைந்தபோதெல்லாம் ஏதோ ஒரு பாதியோடு நின்றார். ஈஸ்டர் எழுச்சியின் நினைவாக வருடந்தோறும் மழையில் அணிவகுத்தார். மனைவி யூனா அவரோடு வாழ்ந்ததைவிடச் சிறை வாசலில் காத்திருந்ததே அதிகம். அவளும் போய்விட்டாள். அவள் பக்கத்தில் படுக்க வேண்டும். வேறு கோரிக்கை இல்லை.

"எனக்கு யூனா குழி போதும்."

"அண்ணே, அது சாதாரணக் குழி!"

"இயக்கத்துக்கு அம்பது வருஷம் குடுத்தாச்சு. செத்தப்புறமாவது வீட்டுக்குப் போறேன், விடு."

ஃபெர்கல் ஆழ்ந்த வருத்தத்தோடு கடைசி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போராட்டத்தில் ஜெயித்ததுபோல் இருந்தது மாலக்கிக்கு.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மகள் டிம்ப்னா திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுல இடம் இல்லப்பா. தாத்தா, பாட்டி, அம்மா. மூணு பேருக்கு மேல விடமாட்டாங்க."

"கல்லுல பேருதானே போட்டிருக்கு? எங்க வரிசைக் கல்லுல நாப்பது பேரு. உள்ள இருக்கறது ஒம்பது பேருதான்."

"அது உங்க கல்லு. எங்க கல்லுல பேரு இருந்தா, ஆளும் உள்ள இருக்காங்க. தாத்தா பாட்டியப் பொதைச்சப்போ நீங்க ஜெயில்ல இருந்தீங்க."

மாலக்கி காலி பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஃபெர்கல் நம்பர் இருக்கா?"

ஆகஸ்டில் அவரைத் தியாகிகள் வரிசையில் புதைத்தார்கள்.