நான்கு வாரக் கேள்வி

காலை ஒன்பது மணிக்கு அண்ணன் ஷூவை மாட்டி, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் தங்கை மடிக்கணினியைத் திறப்பாள். அண்ணன் மேற்பார்வையாளராக இருந்த கிடங்கை இழுத்து மூடி ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து தங்கை வீட்டு முன்னறையில்தான் அவன் படுக்கை. "வரேன் பாப்பா" என்பான். நாற்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். "நல்லபடியா போயிட்டு வா" என்று அவளும் தவறாமல் சொல்லி அனுப்புவாள்.

அவள் பார்க்கும் வேலை, சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. விலைவாசி, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு என்று நாட்டின் புள்ளிவிவரங்களைத் தேடி எடுத்துத் தரும் கருவி ஒன்றுக்குக் கையேடு எழுதுகிறாள். அதைப் படிக்கப்போவது மனிதர்கள் இல்லை. மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ முகவர்கள் என்னும் கணினி நிரல்கள். எந்தக் கேள்விக்கு எந்த எண்ணை எடுப்பது, அதற்கு என்ன பொருள் என்று இவள் எழுதி வைத்தால்தான் அதுகளுக்குத் தெரியும். மனிதனாவது புரியாவிட்டால் தலையைச் சொறிவான். இதுகள் சொறியாது, அடித்துச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். அதனால் ஒவ்வொரு விளக்கத்தையும் முதலில் வீட்டு ஆள் யாரிடமாவது ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். பணவீக்கத்தைக் கணவனிடம் ஓட்டிப் பார்த்தபோது அவன் பாதியிலேயே குறட்டை விட்டுவிட்டான்.

அன்றைக்கு வேலையின்மை விகிதத்தின் முறை. வேலை இல்லாதவர் என்று ஒருவரைக் கணக்கில் சேர்க்க, வேலை இல்லாதிருந்தால் மட்டும் போதாது. கடந்த நான்கு வாரத்தில் தேடியும் இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, சர்வேக்காரங்க மாதிரி கேக்கறேன், பதில் சொல்லு. இப்ப உனக்கு வேலை இருக்கா?"

"கிண்டலா?"

"கையேட்டுக்குத்தான், சொல்லேன்."

"இல்ல."

"போன நாலு வாரத்துல வேலை தேடுனியா?"

ஆமாம் என்பான், உதாரணம் கச்சிதமாகப் பொருந்தும் என்று நினைத்திருந்தாள். அவன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தேடல பாப்பா."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப தினமும் ஃபைலை எடுத்துக்கிட்டு எங்க போற?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. கடைசி பெஞ்சு காலியா இருக்கும். முப்பத்தெட்டு இடத்துல கேட்டுட்டேன். அதுக்கு மேல உள்ள போகக் காலு வரல. வீட்டுலயே உக்காந்திருந்தா நீ என்ன நினைப்பியோன்னு…" சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். பிறகு வெட்கம் வந்து அதை அமுக்கிவிட்டது. தினமும் கதவைத் திறந்து அவனை அந்த பெஞ்சுக்கு அனுப்பி வைத்தது தான்தானே. திரும்பி வந்து பார்த்தால் திரையில் விகிதம் இந்தக் காலாண்டில் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் அண்ணனும் இருந்தான். வேலை கிடைத்து அல்ல, கேட்பதை நிறுத்தியதால்.

கையேட்டில் எழுதி மேலாளருக்கு அனுப்பினாள்: "இந்த விகிதம் குறைந்தாலே வேலை பெருகிவிட்டதாகச் சொல்லக் கூடாது. தேடுவதை நிறுத்தியவர்கள் இதில் இல்லை. அவர்களுக்குத் தனி எண்ணிக்கை உண்டு. அதையும் எடுத்துச் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்."

மூன்று மணிக்கு மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.

"நாலு வரி எதுக்கும்மா? படிக்கப்போறது மெஷினு. அதுகிட்ட போயி இரக்கத்தை எதிர்பார்க்கறீங்க."

"இரக்கம் வேணாம் சார். பொய் சொல்லாம இருந்தா போதும். வேற எந்தப் பக்கத்துல வேணா வெட்டிக்கோங்க. இத மட்டும் தொடாதீங்க."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அண்ணன் வழக்கம்போல் ஷூவைத் தேடினான். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதில் காலை நுழைத்தபோது அவள் மடிக்கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு போகாதண்ணா. இதுகிட்ட கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாத ஆளுதான் வேணும்."

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினான்: இப்ப எல்லாருக்கும் வேலை கிடைக்குதா?

பதில் வந்தது. "வேலையின்மை விகிதம் குறைந்துள்ளது. ஆனால் தேடுவதை நிறுத்தியவர்கள் இதில் சேரவில்லை. அவர்கள் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர். எனவே எல்லோருக்கும் கிடைக்கிறது என்று சொல்ல முடியாது."

கத்தரிக்கோல் வெட்டவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாலு லட்சமா?"

"ம்."

"இவ்வளவு பேரும் எங்க பாப்பா உக்காந்திருப்பாங்க?"

அண்ணன் ஃபைலை மேசைமேல் வைத்தான். பிறகு குனிந்து, ஷூ கயிற்றின் முடிச்சை மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினான்.