துண்டுக்கு அடியில்

மிளகுத் தரகர் நாணு அய்யர் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு ஒரு மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல். மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் தூசி என்று அவரே சொல்லிக்கொண்டார். பல் பிடுங்கிய புண் வழியே புகுந்த கிருமி இதயத்தின் வால்வில் ஒட்டியிருந்தது. அங்கிருந்து தலைக்கு ஏறி ஒரு ரத்தக்குழாயை அரித்துப் புடைக்க வைத்தது. 1979 ஜூனில் ஒரு காலை அது வெடித்தது.

ஆறு வாரம் பென்சிலின். உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தபின் கம்பு ஊன்றி நடந்தார். கைதான் வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த கமலாக்ஷி, விரல்களில் அசைவு இருக்கிறது, எல்லாவற்றையும் இடது கையால் செய்துகொள்கிறார், இப்படியே விட்டால் வலது கை போனதுதான் என்றாள். ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அவர் அதை அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டார்.

மனைவி லோகாம்பாள் இரண்டு நாள் யோசித்தாள். தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போர்த்தி, அடியில் எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். பிடித்த விரல்தான் எண்ணிக்கை. இடது கையை நீட்டினால் அவமதிப்பு. எதிராளி எழுந்து போய்விடுவான்.

காலையில் அவர் எதிரே உட்கார்ந்தாள். துண்டை விரித்து அடியில் கையை விட்டாள்.

"எத்தனை இட்டிலி?"

அவர் வாயைத் திறந்தார்.

"வாயால வெலை சொன்னா அது கச்சவடமா?"

இடது கை வந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நான் போறேன்."

பாதி வாயால் சிரித்தார். வலது கை வந்துசேர வெகுநேரம் ஆயிற்று. அவளுடைய ஒரு விரல்மேல் விழுந்தது. ஒரு இட்டிலி வைத்தாள். பத்து மணிக்குப் பாவம் பார்த்துக் கஞ்சி கொடுத்தாள்.

பதினோரு நாள் ஒரே ஒரு இட்டிலி. அவளும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு விரல். அவள் பேரம் பேச ஆரம்பித்தாள். மாவு புளித்துவிட்டது, தேங்காய் இல்லை என்று சாக்கு சொன்னாள். அவர் விடாமல் துழாவினார். கமலாக்ஷியிடம் இருவரும் இதைச் சொல்லவில்லை. கை தேறுவதைப் பார்த்து அவள் பந்தைத்தான் பாராட்டினாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தார்.

"நாலு கட்டாது. மூணு."

அவர் விடவில்லை.

"வலிக்கறது, விடுங்கோ."

"நாலு," என்றார் மெதுவாக. "ரெண்டு நேக்கு, ரெண்டு நோக்கு."

தட்டு எடுக்க அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. பிடி அவ்வளவு இறுகியிருந்தது.