கார்டியின் பவர் க்ரூஸரும் லவோனின் பின்சீட்டும்

எங்கள் தெருவில் யாராவது புது மெத்தை வாங்கினால், அது மாடி ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் சமையலறை ஜன்னல் அமைந்திருக்கிற இடம் அப்படி. ஆகவே எதிர்வீட்டு வெர்லின் ட்வீட்டனின் கராஜுக்குள் கரேலென்று ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு நுழைந்தபோது, பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் போனேன். வெறுங்கையோடு போனால் வேவு பார்க்க வந்தாள் என்பார்கள். ஒரு தட்டில் ருபார்ப் கேக் எடுத்துக்கொண்டேன்.

மே மாதம். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய மணலைச் சாலையிலிருந்து இன்னும் பெருக்கி முடிக்கவில்லை. அதற்குள் எங்கள் விஸ்கான்சின் ஆண்களுக்கு வண்டிக் கிறுக்கு பிடித்துவிடும். வெர்லினுக்கு அறுபது நெருங்குகிறது. குளிர்காலம் முழுக்கக் கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். வந்திருந்த வண்டி அவருடையதல்ல, கார்டி ஃபாஃபுடையது. கார்டி பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சமீபத்தில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர். மூன்றையும் முதல் ஐந்து நிமிடத்தில் யாரிடமும் சொல்லிவிடுவார். தன் பவர் க்ரூஸரை விற்கப் பார்த்தார். வெர்லின் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும், அதுவரை வெர்லினின் பழைய டூரிங் பைக் தன்னிடம் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

நான் போவதற்குள் என் வீட்டுக்காரர் மில்ஃபர்ட் மடக்கு நாற்காலியும் பீருமாக அங்கே உட்கார்ந்திருந்தார்.

"இழுவையைச் சொல்லு," என்றார் கார்டி. "கையை லேசாத் திருப்பினாப் போதும். வண்டி முன்னாடி போயிடும், உன் வயிறு பின்னாடி ஓடி வரும்."

"அவ்வளவு நல்ல வண்டின்னா ஏன்டா விக்கிற?" என்றார் மில்ஃபர்ட்.

"என் இடுப்புக்கு ஒத்து வரல. அது வண்டியோட குத்தமா?"

வெர்லின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பால் டேங்கர் பின்னாடியே ஊர்ந்து போக வேணாம். ஒரே தாவுல தாண்டிடலாம். சீட்டு தாழ்வு, நின்னா ரெண்டு காலும் தரையில படுது. சத்தம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். எங்க வீட்டு அலமாரியில கண்ணாடி கிளாஸும் கேட்டுச்சு," என்றேன்.

"பெட்ரோல் டேங்க் குட்டிப் பால் சட்டி மாதிரி இருக்கு," என்றார் மில்ஃபர்ட். "பின் டயர் அகலத்தைப் பாரு. சீக்கிரம் தேயும், விலையும் உன் தோலை உரிக்கும். காலை முன்னாடி நீட்டிக்கிட்டு உக்காந்தா நெஞ்சு பாய்மரம் மாதிரி காத்தை வாங்கும். எஞ்சின் சூட்டுல தொடை வெந்துடும்."

"ஏப்ரல்ல அது வசதிதானே?" என்றார் வெர்லின்.

"ஜூலைன்னு ஒண்ணு வரும்டா."

வாதத்தை முடித்துவைப்பதற்காக வெர்லின் ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்த வேகத்தில், உற்சாகம் தாங்காமல், சரிவான எங்கள் வீட்டு வாசலில் வண்டியை மூக்குக் கீழாக இறக்கி நிறுத்தினார். அந்த வண்டிக்குப் பின்னால் போகும் கியர் கிடையாது, கனமோ ஒரு கறவை மாட்டின் கனம். மூன்று பெரிய மனிதர்கள் முக்கி முனகி அதை மேலே இழுத்தார்கள். "இடுப்பு, இடுப்பு!" என்று கார்டி கத்த, நான் கேக்கைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

அப்போதுதான் லவோன் வேலையிலிருந்து வந்தாள். வெர்லினின் மனைவி. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள், ஊரில் பாதிப் பேரின் பல் ரகசியம் தெரிந்தும் வாய் திறக்காதவள். அதனாலேயே அவளோடு எனக்குச் சிநேகம் கொஞ்சம் கஷ்டம். வண்டியை முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் எங்க உக்கார்றது?"

"அதோ, அங்கதான்," என்று வெர்லின் பின் சக்கரத்துக்கு மேலே காட்டினார்.

"அதுவா? நான் அதை ஏதோ மூடின்னு நெனச்சேன்."

பழைய வண்டியில் அவளுக்குச் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு பின்சீட்டு இருந்தது, கை வைக்க, முதுகு சாய்க்க எல்லாம். இங்கே இருந்தது ஒரு சாண்ட்விச் அளவு. இருந்தாலும் ஏறினாள். முட்டி இரண்டும் காதைத் தொட, அந்தச் சத்தத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இறங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார் மனிதர்.

"வித்தியாசமா இருக்கு," என்றாள் லவோன், வீட்டுக்குள் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்டு கிடையாது. கார்டி தலையைக் குனிந்துகொண்டார். மில்ஃபர்ட் பீரைப் பார்த்தார். வெர்லின் மட்டும், "புடிச்சிருக்குங்கறா," என்றார்.

மறுநாள் தபால் பெட்டியருகே லவோனைப் பிடித்தேன். "வேணாம்னா சொல்லிட வேண்டியதுதானேடி?"

"அவனுக்குப் புடிச்சிருக்கே ஆர்லிஸ். பனி தள்ளித் தள்ளி ஓய்ஞ்சவன். ஒரு ஆசை."

"அப்புறம் என்ன?"

அவள் கையிலிருந்த கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுல அவன் என்ன பேசுவான்னு உனக்குத் தெரியும். மழை வரும்பான். வரலைன்னா வரலைம்பான். ஆனா அந்தப் பழைய வண்டியில ஏறி, ஹெல்மெட்டுல மைக்கைப் போட்டுட்டா, பேச ஆரம்பிச்சிடுவான். அவங்கப்பாவைப் பத்தி, சறுக்கி விழுந்த லாரியைப் பத்தி. எங்க பொண்ணு டென்வருக்குக் குடி போனப்ப கராஜுல நின்னு அழுதானாம். அதை ஒரு சோளக்காட்டு ஓரமாப் போறப்பதான் சொன்னான். என் மூஞ்சியைப் பாக்க வேணாம்ல, அதான் வருது போல. இந்தப் புது வண்டியில நான் ஏறமாட்டேன். ஏறலைன்னா அவன் பேச்சு எனக்கு அவ்வளவுதான்."

"இதை அப்படியே அவன்கிட்ட சொல்லு."

"சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கறதையும் நிறுத்திடுவான்."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மில்ஃபர்டிடம் சொன்னேன், அது கணக்கில் சேராது.

அந்தச் சனிக்கிழமை தீயணைப்புக் குழுவுக்கு நிதி சேர்க்கும் சீட்டு ஓட்டம். பைக்கில் ஐந்து மதுக்கடைகளுக்குப் போய், கடைக்கு ஒரு சீட்டாக உருவ வேண்டும். கடைசியில் யார் கையில் நல்ல சீட்டு சேர்ந்திருக்கிறதோ அவருக்குப் பரிசு. உருவியதைக் குறித்துக்கொள்ள ஓட்டுகிறவருக்கு ஒரு அட்டை, பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு அட்டை. ஒருவருக்காக இன்னொருவர் உருவக்கூடாது. முதல் கடையில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தது நான்.

தெருவே அதிர வெர்லின் வந்து இறங்கினார். தனியாக. ஆனால் மேஜைமேல் இரண்டு அட்டைகளை வைத்தார்.

"ரெண்டாவது யாருக்கு?"

"லவோனுக்கு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பழக்கதோஷத்தில் இரண்டு அட்டைக்குப் பணம் கட்டியிருக்கிறார். "அவளுக்கு வீட்டுல வேலை இருக்காம். நானே சேத்து உருவிடவா?"

"ஆளு வந்தாத்தான் சீட்டு."

"என்ன ஆர்லிஸ், எதிர்வீட்டுக்காரன்கிட்ட சட்டம் பேசற?"

"பழைய வண்டியில வந்திருந்தா சட்டம் பேசியிருக்க மாட்டேன்."

அந்த நேரம் வெளியே ஒரு பழகிய எஞ்சின் சத்தம். வெர்லினின் பழைய டூரிங் பைக். முன்னால் கார்டி. பின்னால் சாய்வு நாற்காலியில் கை வைத்துக்கொண்டு, ராணி மாதிரி லவோன். கடைக்குள் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். முதலில் திரும்பியது நான்தான் என்று பிறகு மில்ஃபர்ட் சொன்னது அபாண்டம்.

"என்னடி இது?" என்றார் வெர்லின்.

"என்ன? நான் என் சீட்டுலதான் உக்காந்திருக்கேன். முன்னாடி யாரு உக்காரணும்கறது நீங்க ரெண்டு பேரும் செஞ்ச ஏற்பாடு." மேஜைமேலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டாள், ஒரு சீட்டை உருவினாள். கிளாவர் ராணி.

கார்டி என் மேஜையில் சாய்ந்தார். "ஆர்லிஸ், அந்த வண்டிச் சீட்டு இடுப்புக்கு என்ன சொகம் தெரியுமா!"

லவோன் என் காதோரம் குனிந்தாள். "ஊர்த் தண்ணித் தொட்டியிலேர்ந்து இங்க வரைக்கும் இடுப்புப் பேச்சுதான். மைக்குல. நிறுத்தவே இல்ல."

மாலை தீயணைப்பு நிலையத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. மேஜையை மூடிவிட்டு நானும் மில்ஃபர்டும் காரில் போய்ச் சேர்ந்தோம். வெர்லின் ஒரு தொத்திறைச்சி ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதைத் தின்னாமல் என்னெதிரே வந்து உட்கார்ந்தார். மழை வருமென்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"எனக்குக் கை காட்டினா ஆர்லிஸ்."

"யாரு?"

"லவோன். மூணாவது கடைக்கு முன்னாடியே பெட்ரோல் தீர்ற மாதிரி ஆயிடுச்சு, பங்க்ல நின்னுட்டிருந்தேன். அவங்க ரெண்டு பேரும் தாண்டிப் போனாங்க. கையைக் கீழ தாழ்த்தி ரெண்டு விரலை நீட்டினா."

பைக்காரர்கள் வழியில் எதிர்ப்படும் பைக்காரனுக்குக் காட்டும் சைகை அது. ஊர் பேர் தெரியாதவனுக்கும் காட்டுவார்கள். சொல்லப்போனால் ஊர் பேர் தெரியாதவனுக்குத்தான் காட்டுவார்கள்.

"மரியாதையாத்தானே காட்டியிருக்கா?" என்றேன், வேண்டுமென்றே.

"அதான். மரியாதையாக் காட்டினா." தட்டைத் தள்ளினார். "எவனோ ஒருத்தனுக்குக் காட்டற மாதிரி. கார்டி மைக்குல ஏதோ சொல்ல, அவ தலையாட்டிக்கிட்டே போனா. என்னத்தைச் சொல்லியிருப்பான்?"

இடுப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த தருணங்கள் மிகக் குறைவு, ஆகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வெர்லின் எழுந்து கார்டியிடம் போய்ச் சாவியை நீட்டினார். நானும் கடுகுச் சாஸ் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"அவசரப்படாதடா," என்றார் கார்டி. "இழுவையை யோசிச்சுப் பாரு. இல்லைன்னா இப்படிப் பண்ணலாம். என் வண்டியை நீயே வெச்சுக்கோ, உன் பழசை நான் வெச்சுக்கறேன். நேருக்கு நேர் மாத்திக்கலாம்."

"லவோனையும் சேத்தா?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்."

லவோன் வாசலில் நின்ற பழைய பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தாள். இறங்கவேயில்லை. "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றாள்.

வெர்லின் வண்டியின் முன்னால் போய் நின்றார். "நல்ல வண்டிதான் அது. பொய் சொல்ல மாட்டேன். நேத்து மேட்டுல ஏறினப்போ இருபது வயசு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப வெச்சுக்கோ. நான் தடுக்கல," என்றாள். ஆனால் முள்கரண்டி நின்றுவிட்டது.

"ஒரு ஆளுக்குத்தான் நல்ல வண்டி."

"ஒரு ஆளா இருக்க ஆசையா இருந்தாச் சொல்லு. ஏற்பாடு பண்ணிடலாம்."

"தனியா மேட்டு மேல ஏறி நின்னு, 'அந்தப் பக்கம் ஏரி தெரியுது பாரு'ன்னேன். மைக் இல்ல. யாரும் இல்ல. முட்டாள் மாதிரி இருந்துச்சு."

அவள் சாலட் தட்டை என் கையில் கொடுத்தாள். கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள், மே மாத மகரந்தம் என்று நினைத்துக்கொள்ளலாம். "ஏறு, வளவளன்னு பேசாத," என்றாள். அவள் சொன்னதிலேயே நியாயமில்லாத வார்த்தை அதுதான்.

கார்டி தன் பவர் க்ரூஸரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, "அம்மா!" என்று அலறிக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் திரும்பும்போது கவுண்டிச் சாலை முனையில், நின்று போகச் சொல்லும் பலகையருகே, பழைய டூரிங் பைக் எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் வெர்லினின் தாடை ஆடிக்கொண்டேயிருந்தது. லவோன் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை முழுதாக இறக்கி, இடுப்பு வரை வெளியே எட்டினேன்.

"உள்ள வா ஆர்லிஸ், விழுந்துடப்போற," என்றார் மில்ஃபர்ட்.

அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, ஏரியைச் சுற்றிப்போகிற வழியில் திரும்பினார்கள். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. லவோனிடம் நான்கு தடவை கேட்டுவிட்டேன். மழை வரும் என்றாராம்.