தேதி முத்திரை

அந்தத் தெருவில் அவருக்கு எக்ஸ்பைரி என்று பெயர். முகத்துக்கு நேரே மருந்துக்கடை அண்ணன் என்பார்கள். தலை மறைந்ததும் எக்ஸ்பைரிதான். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் கடையிலுள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேதி பார்ப்பார். காலாவதியாக மூன்று மாதம் இருக்கும்போதே அதை எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுவிடுவார். "இன்னும் நாள் இருக்கே, பாதி விலைக்குக் குடுங்களேன்" என்று வாய் தவறிக் கேட்ட ஒருவரை, கடை வாசலிலேயே நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவரின் காருக்கு இன்சூரன்ஸ் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

தெரியாமல்தான் திங்கட்கிழமை காலை, கடைக்குப் பின்னாலிருந்த சந்திலிருந்து காரைத் தெருவுக்குத் திருப்பினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி இடது பக்கம் பார்க்காமல் விட்டார். அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. காரின் ஒரு விளக்கு உடைந்தது. ஸ்கூட்டரில் வந்த பெண் வலது கையை ஊன்றிக் கீழே விழுந்தாள்.

நான்கு கடை தள்ளிப் பார்லர் வைத்திருப்பவள் அவள். முடி வெட்டுவதும் அவளே, வெட்டிய முடியைக் கூட்டி அள்ளுவதும் அவளே. அவருடைய பல வருட வாடிக்கையாளர். ஆனால் எந்த மருந்து வாங்கினாலும், அட்டையைத் திருப்பி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, தேதி பார்த்த பிறகுதான் பையில் போடுவாள். ஊரெல்லாம் நம்பும் கடையில் இவள் ஒருத்தி இப்படிச் செய்வது அவருக்கு உள்ளுக்குள் எரியும். 'என்கிட்டயேவா?' என்று நினைத்துக்கொள்வார், வெளியே சொல்லமாட்டார்.

கைத்தாங்கலாக அவளைக் கடைக்கு அழைத்துவந்து உட்காரவைத்து, சிராய்ப்பைக் கழுவி, மணிக்கட்டுக்குத் துணிக்கட்டு போட்டு, வலி மாத்திரையும் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. ஆனால் பில் போட்டார். பில் இல்லாமல் ஓர் இருமல் மிட்டாய்கூட அந்தக் கடையை விட்டு வெளியே போகாது. அவர் மனைவி அதில் தேதி முத்திரையைக் குத்தினாள். காலையில் கடை திறந்ததும் அந்த முத்திரையின் சக்கரத்தை ஒரு பல் திருப்பி வைப்பதுதான் அவளுடைய முதல் வேலை.

"சுளுக்குதான் அண்ணா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

செவ்வாய்க்கிழமை, உடைந்த விளக்குக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார். வண்டி நம்பரைச் சொன்னதுமே, விளக்குப் பேச்சை எடுப்பதற்குள், பேசிய பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "சார், உங்க பாலிசி போன மாசமே முடிஞ்சிருச்சே. நாங்க மூணு தடவை கூப்பிட்டோம். மூணு தடவையும் ஒரு மேடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

மேடம் அப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் பஞ்சுப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முகம் வெளுத்தது. ஆனால் வாய் வெளுக்கவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க! பாலிசி, லோன், கார்டுன்னு எவன் கூப்பிட்டாலும் பேச விடாம வேண்டாம்னு சொல்லி வச்சிடுன்னு. பேச விட்டாத்தானே அது நம்ம பாலிசியா, ஊரான் பாலிசியான்னு தெரியும்?"

அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார், அதுவும் அதட்டலாக. கையோடு புதுப் பாலிசி எடுத்தார். அது மறுநாள், புதன்கிழமை பிறந்த பிறகுதான் செல்லும் என்றார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பார்லர்காரி வந்தாள். முழங்கைவரை மாவுக்கட்டு. வீக்கம் வடியாததால் அன்று காலைதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்; எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு.

"ஆறு வாரம் கத்திரிக்கோலே தொடக் கூடாதாம். ஆறு வாரம் கடையைச் சாத்தினா வர்றவங்க எல்லாம் பக்கத்துத் தெருப் பார்லருக்குப் பழகிடுவாங்க அண்ணா. போனவங்க திரும்பி வரமாட்டாங்க. உங்க கார் இன்சூரன்ஸ்ல கேளுன்னு டாக்டர் சொன்னாரு."

அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான் எழுந்து வந்தார். மனைவியின் அண்ணன், எந்த ஆபீஸில் எந்த மேஜையைத் தட்டினால் எது நடக்கும் என்பதில் கரைகண்டவர்.

"இதுக்குப் போயி ஏன் மாப்ளே முகத்தைத் தொங்கப் போடறீங்க? புதன்கிழமையிலருந்து பாலிசி இருக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டுல இன்னிக்குத் தேதி. நேத்துதான் இடிச்சதுன்னு ரெண்டு பேரும் சொன்னா முடிஞ்சது கதை. திங்கட்கிழமைன்னு சொல்ற காகிதம் ஏதாவது இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது. பார்லர்காரி இடது கையால் பையைத் துழாவி, அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இவர் போட்ட பில்.

"வேற பில் போட்டுக் குடுத்துடுங்க அண்ணா. நேத்துன்னே நானும் சொல்றேன்."

கணவர் வாய் திறப்பதற்குள் மனைவி புதுப் பில்லை எடுத்துவிட்டாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் தன்னையே நொந்துகொண்டிருந்தவள் அவள். முத்திரையின் சக்கரத்தை ஒரு பல் பின்னால் திருப்பினாள். மையில் ஒற்றினாள். காகிதத்தில் வைத்து அழுத்தப்போன நேரத்தில் அவர் குறுக்கே கையை வைத்தார். முத்திரை அவருடைய புறங்கையில் பதிந்தது. நேற்றைய தேதி, நீல நிறத்தில், பளிச்சென்று.

"என்னங்க இது?"

"வேண்டாம். இன்னிக்கு இதைத் திருப்பிட்டா, நாளைக்கு அந்த அலமாரில இருக்கற ஒரு அட்டையையாவது நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விப்பேன்?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்றார் மச்சான்.

பார்லர்காரி கத்தவில்லை. கட்டுப்போட்ட கையை மேஜைமேல் தூக்கி வைத்தாள்.

"உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கும் அண்ணா. முறிஞ்சது என் கை. நீங்க நல்லவரா இருக்கறதுக்கு என் கடையை நான் சாத்தணுமா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. நியாயம் பேசுகிறோம் என்ற நினைப்பில், தன் அலமாரியையும் தன் பெயரையும் மட்டும்தான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தேதியை மாற்றக் கூடாது என்பது சரி. அதற்கான செலவை அவள் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

"சாத்த வேண்டாம்மா" என்றார். "இன்சூரன்ஸ் குடுக்க வேண்டியதை நான் குடுக்கறேன்."

"எங்கேருந்து குடுப்பீங்க?" என்று மச்சான் கேட்டார்.

அவர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். ஒற்றைக் கண்ணுடன் கார் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே போய் நடந்ததைச் சொன்னார். அபராதமும் கிடைத்தது, கூடவே இலவசமாக ஒரு பாட்டம் திட்டும் கிடைத்தது. அங்கிருந்து நேராக மெக்கானிக்கிடம் போய்க் காரை விற்றார். ஆஸ்பத்திரிச் செலவு போக மீதியில், முடிவெட்டத் தெரிந்த ஒரு பெண்ணை ஆறு வாரத்துக்குச் சம்பளம் பேசிப் பார்லருக்கு அனுப்பினார். பார்லர்காரி நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஏத்தி வெட்டு" என்று வேலை வாங்கினாள். கடை ஒரு நாள்கூட மூடப்படவில்லை.

எக்ஸ்பைரி மொத்த வியாபாரக் கடைக்குப் பஸ்ஸில் போய், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். எக்ஸ்பைரிக்கே எக்ஸ்பைரி ஆகிவிட்டது என்று தெரு சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். புறங்கை மை போக நான்கு நாள் ஆனது. மனைவியோ இப்போது எந்தப் போன் வந்தாலும் பொறுமையாகக் கடைசிவரை கேட்கிறாள். இரண்டு முறை லோன் வாங்கும் அளவுக்குப் போய்த் திரும்பிவிட்டாள்.

அந்த ஆறு வாரமும் பார்லர்காரி கடைப்பக்கம் வரவில்லை. வேண்டியதை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள். கோபமா, கூச்சமா என்று இவருக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் அவளே வந்தாள். வலது கை இளைத்து, வெளுத்துப் போயிருந்தது. சளிக்கு மாத்திரை கேட்டாள். அவர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி, திருப்பியும் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்மா. தேதி பாக்கலியே."

"உங்க கடைல இனிமே நான் என்னத்தைப் பாக்கறது அண்ணா?"

இந்த வார்த்தைக்காக அவர் எத்தனையோ வருஷம் காத்திருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தும் தலையை ஆட்டினார்.

"அப்படிச் சொல்லாதீங்க. இன்சூரன்ஸ் முடிஞ்சு பதினொரு நாள் எனக்கே தெரியாம ஓடிருக்கு. பாத்துட்டுப் போங்க."

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். இன்னும் சரியாக மடங்காத விரல்களால் அதைத் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, மாதத்தையும் வருஷத்தையும் வாய்விட்டுப் படித்தாள். அதன் பிறகுதான் அவர் பில்லில் முத்திரையைக் குத்தினார்.