இருநூற்றுப் பத்து மீட்டர்

மூன்றாம் நாளாக மழை. மதியம் இரண்டு மணிக்கே ஆய்வுக்கூடத்தில் விளக்குகள் எரிந்தன. புவித்தகவல் அறிவியலின் ஆறாம் பாடத்துக்காகத் துணைப் பேராசிரியை திரையில் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஒன்று செயற்கைக்கோள் கருவியால் பதிந்த சாலைகள். மற்றொன்று பழைய காகித வரைபடத்திலிருந்து பெயர்த்தெடுத்த ஏரி. கரைச்சாலை ஏரிக்குள் ஓடியது. வகுப்பு சிரித்தது.

"சிரிக்காதீங்க. ரெண்டும் ஒரே ஊருதான். பூமியோட உருண்டைய ரெண்டு காலத்துல ரெண்டு விதமா கணக்குப் போட்டிருக்காங்க. அந்த அடிப்படைக்குப் பேருதான் டேட்டம். பழைய மேப்பப் புது டேட்டத்துக்குக் கணக்குப் போட்டு மாத்தணும். நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? 'இது எந்த டேட்டம்'னு சாஃப்ட்வேர் கேட்டா, பட்டியல்ல புதுசத் தட்டிவிட்டுட்டுப் போயிருவாங்க. எச்சரிக்கை மறைஞ்சிரும், வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. சட்டையில சைஸ் ஸ்டிக்கர மாத்தி ஒட்டுனா சட்டை பெருசாயிருமா?"

மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கோடுகளை அத்தனை துல்லியமாக வரைவாள் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர்.

அவளுக்கு அந்த மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி நினைவுக்கு வந்தது. போன பருவத்துச் செய்முறைத் தேர்வில், ஆறு பெருகினால் நீர் சூழும் பரப்பைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்து, அதன்மேல் பாதுகாப்பான கட்டடங்களைக் குறித்திருந்தாள். பெட்டி மூன்று முறை குறுக்கிட்டது. நான்காம் முறை பட்டியலில் புதிய டேட்டத்தைத் தட்டினாள், பெட்டி வரவில்லை. படம் வகுப்பிலேயே முதலிடம் பெற்றது. பேரிடர் அலுவலகம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்தக் கோப்பைத் திறந்தாள். முறையாக மாற்றும் கட்டளையை இட்டாள். நீர் சூழும் நீலப் பரப்பு முழுவதும், வடிவம் சிறிதும் கலையாமல், கிழக்கே நகர்ந்து நின்றது. அளந்தாள்: இருநூற்றுப் பத்து மீட்டர். பாதுகாப்பானது என்று அவள் குறித்திருந்த தொழிற்பயிற்சி நிலையம் நீலத்தின் நடுவே இருந்தது.

"என்னடி மில்லிமீட்டர், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

காலை ஏழு மணியிலிருந்து அவளுடைய அக்கா நான்கு வயது மகளுடன் அந்த நிலையத்தின் கூடத்தில்தான் இருந்தாள். அவள் படத்தைப் பார்த்துத்தான் பேரிடர் அலுவலகம் ஆற்றங்கரைப் பகுதியினர் அனைவரையும் அங்கே தங்கவைத்திருந்தது. மாலை நான்கு மணிக்கு அணையின் மதகுகள் திறக்கப்படும்.

அவள் துணைப் பேராசிரியையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாமே இரண்டு முறை மாற்றிப் பார்த்தார். இரண்டு முறையும் நீலம் அதே இடத்தில் நின்றது.

"நானும் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். பிறகு பேரிடர் அலுவலகத்தை அழைத்தார். எழுத்தர் எடுத்தார்.

"மேடம், அந்த மேப்பே உங்க டிபார்ட்மென்ட் குடுத்ததுதான். இப்ப அத நம்ப வேணாங்கிறீங்க."

"ஆமா, நம்பாதீங்க. அங்க இருக்கறவங்கள உடனே வெளிய கூட்டிட்டு வாங்க."

"எங்க கூட்டிட்டுப் போறது? அதையும் மேப்பப் பாத்துத்தானே முடிவு பண்ணணும்? திருத்தின மேப்ப ஒரு லெட்டரோட அனுப்புங்க. சார் மூணரைக்கு மீட்டிங் முடிஞ்சு வந்துருவாரு."

மணி இரண்டு நாற்பது. துணைப் பேராசிரியை கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அவள் தாழ்வாரத்துக்கு ஓடி அக்காவை அழைத்தாள்.

"உனக்கு ஆயுசு நூறுடி! இப்பத்தான் உன்னப் பத்திப் பேசிட்டிருந்தோம். உன் மேப்பச் செவுத்துல பெருசா ஒட்டியிருக்காங்க, கீழ உன் பேரோட. இங்க ஒரு தையல்காரர் வீட்டுக்கே போறேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அவரு தெருவுல தண்ணியே ஏறுனதில்லையாம். 'என் தங்கச்சி போட்ட மேப்பு, இங்க ஒரு சொட்டு வராது'ன்னு நான்தான் எல்லாரையும் உக்கார வெச்சேன்."

"அக்கா, அவர் வீடு எங்க?"

"மேற்கால, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஏன்?"

அச்சிட்ட படத்தில் அந்தத் தெரு நீலம். திருத்திய படத்தில் அது வெள்ளை.

"அவர் சொன்னதுதான் சரி. நான் போட்டது தப்பு. எல்லாரையும் அவர் தெருவுக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."



"விளையாடாதடி."

"அக்கா, சத்தியமா. என்னை ஸ்பீக்கர்ல போடு, நானே சொல்றேன்."

சொன்னாள். தன் குரல் பெரிய அறையில் எதிரொலித்துத் திரும்புவது அவளுக்கே கேட்டது. யாரோ சிரித்தார்கள். "யாரு இந்தப் பொண்ணு, மேப்புக்கே புத்தி சொல்லுது?" என்றது ஓர் ஆண்குரல். "நான் அப்பவே சொன்னேன்ல, கெளம்புங்கய்யா!" என்று இன்னொரு குரல் கத்தியது, அது தையல்காரராகத்தான் இருக்க வேண்டும். நாற்காலிகள் இழுபட்டன.

"பாதிப் பேரு எழுந்துட்டாங்க" என்றாள் அக்கா. "மீதிப் பேரு செவுத்துக்கிட்டப் போயி மேப்பப் பாத்துட்டு நிக்கறாங்க."

எழுதியவரின் தயக்கம் எழுத்தில் எங்கேனும் கசிந்துவிடும். அவளுடைய வரைபடத்தில் அப்படிக் கசிய ஒரு மயிரிழை இடம்கூட இல்லை.

"அதக் கிழிச்சுப் போடுக்கா."

"காவலுக்கு இருக்கறவர் விடமாட்டேங்கிறார். ஆபீஸ் ஒட்டுனதாம்."

"சரி, நீ பாப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பு."

"பாப்பாவத் தையல்காரர் சம்சாரத்தோட அனுப்பிட்டேன்."

"நீ?"

"என் பேச்ச நம்பி உக்காந்தவங்கடி இவங்க. விட்டுட்டு எப்படி வருவேன்? நீ போன வை, ஒவ்வொருத்தரா கேட்டுப் பாக்கறேன்."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை, அக்காவும் மறந்துவிட்டிருந்தாள். உள்ளே அச்சுப்பொறி கடிதத்தை உமிழ்ந்துகொண்டிருந்தது. கைப்பேசிக்குள் அக்காவின் குரல் ஒரு குடும்பத்திடமிருந்து அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்து, காலையில் கொடுத்த உறுதியைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வோரிடத்திலும் அநேகமாக ஒரே பதில்தான் வந்தது. கோபமில்லாமல், ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற தொனியில்.

"காலையில நீதானேம்மா சொன்ன? பயப்படாம உக்காரு."