நண்டோட்டுத் துண்டு

அவித்த நண்டைக் கூடையோடு தொழிற்சாலை மேசையில் கொட்டியபோது ஆவி றெஜினாவின் முகத்தில் அடித்தது. காலை முறித்து, முதுகோட்டைக் கழற்றி, நெஞ்சுக்கூட்டை இரண்டாகப் பிளந்து, சின்னக் கத்தியின் நுனியால் சதையைக் கிண்டித் தட்டில் போடவேண்டும். சதையோடு ஓடு போகக்கூடாது. தட்டு நிறைந்ததும் இருட்டறை யன்னலில் கொடுத்தால், உள்ளே நீல வெளிச்சத்தின் கீழ் விரித்துப் பார்ப்பார்கள். ஓடு கிடந்தால் அந்த வெளிச்சத்தில் மின்னும். சதை போவது வெளிநாட்டுக்கு. சாப்பிடுகிற வெள்ளைக்காரனின் பல்லில் ஓடு கடிபடக்கூடாதாம். கிண்டிக் கிண்டி விரல் புண்ணான பெண்களின் வீடுகளில் நண்டுக்கறி வைத்துக் கனகாலம்.

அவளுக்கு வலப்பக்கக் கதிரையில் புதுப்பெட்டை ஒருத்தி இருந்தாள். போன கிழமை வரை அது எமில்டாவின் கதிரை.

எதிர்ச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பொலித்தீன் பை ஒட்டியிருந்தது. அதற்குள் வெட்டிய நகத்துண்டு அளவில் ஓர் ஓடு. கீழே தடித்த பேனையால் 'எமில்டா' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்று மேற்பார்வைக்காரன் வசீகரன் ஒட்டியது. சுவரில் இருப்பதை றெஜினா இருந்த இடத்திலிருந்தே வாசிப்பாள். தூரத்துப் பார்வையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கைக்குள் இருக்கும் ஓடுதான் கண்ணுக்குப் படுவதில்லை. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த சின்னத்தங்கத்தை, "ஆவியில கண்ணாடி புகைக்கும், நீங்கள் வீட்டை இருங்கோ அக்கா" என்று முன்னமே அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஓடு அகப்பட்ட அன்றைக்கு றெஜினா கை கழுவப் போயிருந்தாள். எமில்டா தன்னுடைய தட்டோடு அவளுடைய தட்டையும் சேர்த்து யன்னலுக்குக் கொண்டுபோனாள். எப்போதும் ஒருத்திக்கொருத்தி செய்கிற உதவிதான். சற்று நேரத்தில் வசீகரன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"இது ஆற்றை தட்டு?"

எமில்டா சதா தன்னிலேயே பிழை பிடிக்கிறவள். "என்ரயாத்தான் இருக்கும், சேர்" என்றாள்.

விளிம்பு நசிந்த தட்டு அது. றெஜினா நாள் தவறாமல் எடுத்து வைத்துக்கொள்ளும் தட்டு. குழாயடியில் ஈரக்கையோடு நின்ற அவள் அதை அடையாளம் கண்டாள். வாய் திறக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட எமில்டா அழுதுகொண்டு சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வெளியேறினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் றெஜினா எமில்டா வீட்டுக்குப் போனாள். எமில்டாவின் புருசன் றஜீபன் கடலட்டை பிடிக்க ஆழத்துக்குச் சுழியோடப் போய் இரண்டு காலும் விழுந்து கட்டிலில் கிடக்கிறவன். அவனுடைய தலைமாட்டில் நின்று, "அழாதையும் எமில்டா. பாரத்தை மாதாவிட்டைக் குடுத்திட்டு இரும். அவ கைவிடமாட்டா" என்று சொல்லிவிட்டு வருவாள். அந்தக் கரையில் செபம் சொல்லுவதற்கு றெஜினாதான். ஆறுதல் சொல்லவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சொல்லிவிட்டு வீடு வந்தால் சோறு இறங்காது.

செபமாலை மாதம் அது. மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாகத் தங்கிப் போகும். கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் வேலி வாசல் படலையடியில் நின்று, ஒருத்தி மற்றவளிடம் மனக்குறை கேட்டுத் தீர்த்துக்கொண்டுதான் கைமாற்ற வேண்டும். குறையோடு கொடுத்தால் மாதா அந்த வீட்டில் தங்கமாட்டா என்பார்கள். பெரும்பாலும் கோழி கிளறியது, வேலி சரிந்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டு முடிப்பார்கள். றெஜினா வீட்டில் தங்கிய மாதா அடுத்துப் போக வேண்டியது எமில்டா வீட்டுக்கு.

பொழுது பட்டது. மெழுகுதிரிகளோடு பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு நின்றார்கள். படலையடியில் எமில்டா இரண்டு கையையும் நீட்டிச் சுரூபத்தின் அடியைப் பிடித்தாள்.

"அக்கா, என்ர கவலையீனத்தால உங்கட மேசைக்கும் கெட்ட பேர். அதை மனசில வையாதேங்கோ" என்றாள் தாழ்ந்த குரலில்.

றெஜினா சுரூபத்தை விடவில்லை. இதற்குமேல் ஏலாது.

"எமில்டா, அது என்ர தட்டு."

"எது?"

"ஓடு கிடந்த தட்டு. எனக்குக் கிட்டக் கண் தெரியுதில்லை. அவர் தூக்கிக்கொண்டு வரேக்கையே எனக்குத் தெரியும். பாத்துக்கொண்டு நிண்டனான்."

சுரூபம் இருவர் கையிலும் இருந்தது. எமில்டா அதை வாங்கவும் இல்லை, விடவும் இல்லை.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"பயம். வேறை என்ன."

"இவருக்கு மருந்துக்கு வழியில்லாமல் கிடக்கிறன். நாளாந்தம் வந்து 'மாதாவை நம்பும்' எண்டு சொன்னனீங்களே. அப்பவாவது வாய் திறந்திருக்கலாம்."

எமில்டா சுரூபத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். றெஜினா வெறுங்கையோடு படலையடியில் நின்றாள்.

உள்ளே பாட்டு முடிந்தது. பிறகு எமில்டாவின் குரல் கேட்டது.

"றெஜினாக்கா இல்லாமல் ஆர் செபம் சொல்லுறது? வரச்சொல்லுங்கோ."

றெஜினா போய் முழந்தாளில் இருந்து செபமாலையைத் தொடங்கினாள். 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். எமில்டா அவளைப் பார்க்காமலே அந்த அடியை எடுத்துச் சொன்னாள். கட்டிலில் கிடந்தபடி றஜீபன் முடித்துவைத்தான்.

கடலையும் தேத்தண்ணியும் கொடுக்கும்போது எமில்டா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சேரிட்டை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களையும் நிப்பாட்டினா உங்கட பிள்ளையின்ர படிப்பு? அந்த வீட்டில உழைக்கிறது நீங்கள் ஒராள். ரெண்டு அடுப்பும் அணையிறதிலும் பாக்க ஒண்டாவது எரியட்டும்."

"உமக்கு என்னில கோவமில்லையோ?"

"இருக்கு" என்றாள் எமில்டா. "மாதா இண்டைக்கு என்ர வீட்டில நிக்கிறா. அவவை வச்சுக்கொண்டு என்னெண்டு கோவிக்கிறது? நாளைக்குப் பாப்பம். இப்ப தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

தேத்தண்ணி இனிப்பாக இருந்தது. சீனிக்கு எங்கே போனாளோ. நாலு ஏச்சு ஏசியிருந்தால் றெஜினா அதை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்கமுன், வழக்கம்போல மாதா படத்தைப் பார்த்தபடி எல்லாருக்கும் செபம் சொன்னாள். மற்றவர்கள் கதிரைக்குப் போனார்கள். அவள் வசீகரனிடம் போனாள்.

"சேர், அந்த ஓடு கிடந்தது என்ர தட்டில. எமில்டாவில ஒரு பிழையும் இல்லை. அவளைத் திரும்ப எடுங்கோ."

வசீகரன் குனிந்து அவளுடைய கண்ணை உற்றுப் பார்த்தான்.

"உங்களுக்குக் கண் பிழையோ அக்கா?"

"ஓம்."

"முந்தியே சொல்லியிருக்க வேணும். இப்ப அவவின்ர இடத்துக்கு ஆள் வந்திட்டுதே. இனி நான் என்ன செய்யிறது? மேல கேட்டா நான்தான் மறுமொழி சொல்ல வேணும்."

"வேலை குடுக்காட்டியும் அந்தப் பேரை எண்டாலும் எடுத்துவிடுங்கோ, சேர். அவள் செய்யாத பிழை."

"சரி சரி. நீங்கள் ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போங்கோ" என்றவன் சட்டைப்பையிலிருந்து தடித்த பேனையை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனான்.

றெஜினா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். சப்பாத்தையும் கழற்றினாள். பெயர் அழிபடுவதைப் பார்த்துவிட்டுப் போய் எமில்டாவிடம் சொல்லலாம் என்று வாசலில் நின்றாள்.

அவன் அழிக்கவில்லை. எமில்டாவின் பெயருக்குக் கீழே 'றெஜினா' என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினான். வாசலில் நின்றே அவளுக்கு இரண்டு பெயரும் தெளிவாகத் தெரிந்தன. புதுப்பெட்டை நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நண்டை முகத்துக்கு இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டாள்.